வீட்டோடு போன பித்தளை எஞ்சின்

வெள்ளைக்காரன் திருகோணமலையை விட்டுப் போனபோது, கடற்படைக் கப்பல்துறையான டொக்யாட்டில் வேலை செய்தவர்கள் எல்லோரும் அவரவர் துரைமார் வீட்டுக்குப் போய், ஏதாவது ஒரு சாமானைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டு றம்லாவின் புருஷன் தையல் மெஷின் கொண்டுவந்தான். அதற்கு அடுத்த வீட்டுக்கு இரும்புக் கட்டில் வந்தது. எதிர்வீட்டுக்காரன் ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஊரே சொல்லும், அவன்கூட ஒரு நல்ல சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். என் புருஷன் முத்தலிப் ஒரு விளையாட்டு றெயில் எஞ்சினைக் கொண்டுவந்தார்.

கம்பளியில் சுற்றி, இரண்டு கையிலும் ஏந்தி, படலையைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு வந்தார். எங்கள் மகள் பரீனா அப்போது கைக்குழந்தை. அவளை ஒரு நாளாவது இந்த மனுஷன் அப்படி ஏந்தியதில்லை.

"தையல் மெஷின் எங்க?" என்று கேட்டேன். காலையில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

"அது கிடந்திச்சிதான். ஆனா நஜ்மு, இதப் பாரு" என்று கம்பளியை விரித்தார்.

பார்த்தேன். பார்த்த கண்ணை என்ன செய்வது?

இந்தச் சாமானில் ஆம்பிளைகளுக்கு அப்படி என்னதான் இருக்கிறது என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். உடம்பு பித்தளை, குழாய்கள் செம்பு, புகைபோக்கிக்கு மட்டும் கறுப்புப் பூச்சு. வயிற்றுக்குள் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி வைத்தால், சளி பிடித்த பிள்ளை மாதிரிக் கொஞ்ச நேரம் இழுத்து இழுத்து மூச்சு விடும். பிறகு ஓடும். எங்கே ஓடும்? ஹோலில் வட்டமாகப் போட்ட தண்டவாளத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். உண்மையான றெயில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அந்த றெயிலில் ஆளும் ஏறலாம், கருவாடும் ஏற்றலாம். இவருக்கு அது வேண்டாம்.

"இப்பிடி வேலை இனி ஒருத்தனும் செய்யமாட்டான் புள்ள. ஒவ்வொரு ஆணியும் கையால அடிச்சது. நம்மட ரெண்டு பேருட வயசையும் கூட்டினாலும் இதுட வயசு வராது" என்பார்.

எனக்கு வயது போனால் நான் கிழவி. அதற்கு வயது போனால் அதற்கு மதிப்பு.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அது எஞ்சினின் குழாயை அடைத்துவிடும் என்று, மழை பெய்தால் இவர் பானை பானையாக வெளியே வைப்பார். அந்தத் தண்ணீரை நாங்கள் தொடக் கூடாது. மாரி முழுக்க அது மழைத்தண்ணீர் குடித்தது, நாங்கள் உவர்த்தண்ணீரில் தேத்தண்ணி குடித்தோம். பாண் ரொட்டிக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் இவர் ஸ்பிரிட்டுக்கு வரிசையில் நின்றார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போக முந்தி அதற்கு ஒரு துடைப்பு, வந்து ஒரு துடைப்பு. பெருநாளுக்கு எனக்கு நூல் சேலை எடுத்தால், அதைத் துடைக்கப் பட்டுத்துணி எடுப்பார்.

இவர் ஒரு ஆள்தான் இப்படி என்றால் மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். வருகிற ஆம்பிளை எல்லாம் அப்படித்தான். மீன் முதலாளி வருவார், பள்ளிக்கூடத்து மாஸ்டர் வருவார், சீனன்குடாவில் இருந்து எயர்போஸ்காரன் வருவான். வரும்போது மனிதர்களாக வருவார்கள். விளக்கைக் கொளுத்தினவுடன் வாயைப் பிளந்துகொண்டு தரையில் குந்துவார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தால், எஞ்சின் சுற்றி வருகிற வழியில் என் கால் நிற்கிறதென்று சைகை காட்டுவார்கள். என் வீட்டில், எனக்கு.

சரி, இது இவ்வளவோடு போயிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வந்திருக்கமாட்டேன். பரீனாவுக்குக் கல்யாண வயது வந்தது. கிண்ணியாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை பேசி வந்தார்கள். றஊப் என்று பெயர். சீனன்குடா எண்ணெய்த் தாங்கியடியில் ஸ்டோர் வேலை. நல்ல பையன், பீடி சிகரெட் கிடையாது, தகப்பன் இல்லாத வீட்டைத் தாங்கிப் பிடித்தவன் என்று எல்லோரும் சொன்னார்கள். பெண் பார்க்க வந்த அன்று அவன் முகம் அப்படியே மலர்ந்துபோய் இருந்தது. அடுத்த கிழமை ஏதோ சாட்டுச் சொல்லிக்கொண்டு திரும்பவும் வந்தான். அதற்கடுத்த கிழமையும் வந்தான். நான் பூரித்துப் போனேன். மாப்பிள்ளைக்குப் பிள்ளையைப் பிடித்துவிட்டது என்று றம்லாவிடம் போய்ச் சொன்னேன். அவன் கதிரையில் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறான் என்று கவனிக்க எனக்குத் தோன்றவில்லை. எஞ்சின் இருந்த கண்ணாடி அலுமாரிக்கு நேரே அந்தக் கதிரை கிடந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த பிள்ளை மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீட்டைப் பிள்ளையின் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் வளவுக்குள்ளே சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். கல்யாணம் பேசி முடிக்கிற சபையில் பெண்ணின் வாப்பா எழும்பி, 'வீடும் வீட்டுக்குள்ள இரிக்கிற சாமானும் புள்ளைக்கு' என்று சொல்லுவார். எல்லா வாப்பாமாரும் சொல்லுகிற கதைதான் அது. சட்டி பானையும் கட்டில் கதிரையும் இருந்த இடத்தில் இருக்கட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். என் புருஷனும் எழும்பி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சபை முழுக்கக் கேட்கும்படி அதைச் சொன்னார். றஊப் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அடக்கமான பையன் என்று எனக்குக் கண் கலங்கியது.

கல்யாணம் முடிந்து, விருந்துகள் முடிந்து, நாங்கள் பின்வளவுச் சின்ன வீட்டுக்குப் போனோம். இவர் தன் சாரங்களையும் உளி சுத்தியல் பெட்டியையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எஞ்சினை எடுக்கப் போனார். நான் குசினிக் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா, அத எங்க கொண்டு போறீங்க?" என்றான் மருமகன்.

"பின் வீட்டுக்கு."

"அது இந்த வீட்டுச் சாமானெல்லோ மாமா. நீங்கதானே சபையில சொன்னீங்க."

"மருமகன், அது நான் சும்மா…"

"சபையில சொன்ன கதை சும்மாவா மாமா?"

வலு மரியாதை. குரல் கொஞ்சமும் உயரவில்லை. அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டான். வீட்டை எழுதிக் கொடுத்தபோது சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட மனுஷன், அன்றைக்குச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தார். அடுத்த நாள் காலையில் முகத்தில் ஒரு தெளிவு. என்னவென்று பார்த்தால், எஞ்சினுக்கு அடியில் வைக்கிற ஸ்பிரிட் விளக்கு இவருடைய உளிப்பெட்டிக்குள் தங்கிப்போயிருக்கிறது. விளக்கில்லாமல் எஞ்சின் ஓடாது.

அன்று தொடங்கியது சண்டை. எஞ்சின் அவனிடம், விளக்கு இவரிடம். இவர் விளக்கைக் கொடுக்கமாட்டார், அவன் திறப்பைக் கொடுக்கமாட்டான். இரண்டு பேரும் ஒரே பள்ளிவாசலில் தொழுது, ஒரே ஒழுங்கையால் திரும்பி வந்து, ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். அவன் மாமாவுக்கு சலாம் சொல்வான், இவர் மருமகனின் சலாத்துக்குப் பதில் சொல்வார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

நடுவில் நின்று அரைபட்டவள் என் பிள்ளை. "உங்கட வாப்பாட்ட விளக்கக் கேளு" என்று இவன் அவளிடம் சொல்லுவான். "உன்ட மாப்பிளைட்டத் திறப்பக் கேளு" என்று அவர் அவளிடம் சொல்லுவார். இருவரும் அவளோடு கதைத்ததே அவ்வளவுதான். அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. சத்தி எடுத்து எடுத்துக் கண்ணெல்லாம் குழிவிழுந்து கிடந்தாள். புளி மாங்காய் வேண்டும் என்று அவள் கேட்டதை அவன் இரண்டு நாள் மறந்தான். மூன்றாவது நாள் நான் போய் வாங்கி வந்தேன்.

ஒரு வியாழக்கிழமை அவன் உம்மாவைப் பார்க்கக் கிண்ணியாவுக்குப் போனான். வெள்ளி வரவில்லை, சனி வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க வரவில்லை. வேலைக்கும் அங்கிருந்தே தோணி ஏறிப் போய் வருகிறானாம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாய் வீட்டில் தங்கிவிட்டான் என்றால் அதன் அர்த்தம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். றம்லா படலையடியில் நின்று, "என்ன, மருமகன்ட சத்தத்தக் காணல்ல" என்று கேட்டாள்.  குடித்துவிட்டுப் போனான் என்றால் சொல்லலாம். அடித்துவிட்டுப் போனான் என்றாலும் நாலு பேரிடம் சொல்லி அழலாம். விளையாட்டுச் சாமானுக்காகக் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று எந்த வாயால் சொல்வது?

பரீனா ஒரு நாள் பின்னேரம் என் தலைமாட்டில் வந்திருந்து, "உம்மா, அவருக்கு என்னைப் பிடிக்குமா?" என்று கேட்டாள்.

"பிடிக்காமலா முடிச்சவர்?" என்றேன்.

"எனக்குத் தெரியா உம்மா. அதத் தெரிஞ்சுகொள்ளத்தான் வேணும்" என்றாள்.

நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஸெய்னுதீன் மரைக்கார் வீட்டுக்குப் போனேன். பள்ளிவாசல் மரைக்கார்மாரில் அவர்தான் மூத்தவர். புருஷன் பெண்சாதி வழக்கு, வேலி வழக்கு, ஆட்டு வழக்கு எல்லாம் அவருடைய விறாந்தையில்தான் தீரும். நான் சொல்லச் சொல்ல அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். பிறகு, "சாமானப் பார்க்காம எப்பிடித் தீர்ப்புச் சொல்ற? ஜும்மா முடிய நாங்களே வாறம். ரெண்டு பேரையும் இரிக்கச் சொல்லுங்க" என்றார். மனம் குளிர்ந்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை மரைக்கார் இன்னும் இரண்டு மரைக்கார்மாரோடு வந்தார். கிண்ணியாவிலிருந்து றஊபும் வந்தான். கழுத்தெலும்பு தெரிய மெலிந்துபோயிருந்தான். எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்ததை ஒப்புக்கொள்கிறேன். பெண்சாதியை நினைத்து மெலிந்தான் என்று எண்ணினேன். பரீனா அறைக்குள் சீலைத் திரைக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

இவர் தன் பக்கத்தைச் சொன்னார். அவன் தன் பக்கத்தைச் சொன்னான். மரைக்கார் இரண்டையும் கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமி, "அப்ப, இது ஓடுமா?" என்று கேட்டார்.

போச்சு என்று நினைத்தேன்.

"ஓடுமா எண்டு கேக்கிறீங்களா மரைக்கார்" என்று இவர் எழும்பினார். விளக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, கையில் இருந்தது. அவன் இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான், தண்டவாளத்தை விரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் வளையத்தைப் பொருத்த, மற்றவன் மட்டம் பார்த்தான். ஒருவர் தண்ணீர் ஊற்ற, மற்றவன் திரியைத் தூண்டினான். "மருமகன், எண்ணெய் கொஞ்சம்" என்றார் இவர். "விட்டுட்டன் மாமா" என்றான் அவன். மாதக்கணக்கில் முகம் பார்க்காத இரண்டு பேர்.

தண்ணீர் கொதித்து வால்விலிருந்து ஆவி சீறியது. இவர் கைப்பிடியைத் தட்டினார். சில்லுகள் ஒரு தரம் வழுக்கின, பிறகு பிடித்துக்கொண்டன. பக்கத்துக் கம்பிகள் முழங்கை மடங்குவதுபோல் மடங்கி நிமிர, அந்தப் பித்தளை அலுமாரிக் கண்ணாடியிலும் சுவரிலும் மஞ்சளாக மின்னிக்கொண்டு சுற்றி வந்தது. சூடேறிய எண்ணெய் வாசம் வீடு நிறைந்தது. பொய் சொல்வானேன், அந்தச் சத்தம் கேட்கிற ஒரு நிமிஷம் மனதுக்கு நல்லாகத்தான் இருக்கும். ஒரு நிமிஷத்துக்கு. அதற்காக ஆள் வாழ்க்கையைக் கொடுப்பதா?

ஸெய்னுதீன் மரைக்கார், ஊரின் வழக்கெல்லாம் தீர்த்த மனுஷன், வெள்ளைச் சாரத்தோடு தரையில் குப்புறப் படுத்துவிட்டார். கன்னம் நிலத்தில் பட, சில்லுகள் வருவதைப் பார்த்துக்கொண்டு, "சுபஹானல்லாஹ்" என்றார். மற்ற இரண்டு மரைக்கார்மாரும் அதன் விசிலை ஊதச் சொன்னார்கள். எஞ்சின் ஊதியது. றஊபின் முகம் மலர்ந்தது. பெண் பார்க்க வந்த அன்று நான் பார்த்த அதே மலர்ச்சி. பரீனாவும் திரையை விலக்கி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அவள் கல்யாணம் முடித்த பிறகு ஒரு தரமாவது பார்த்திருப்பாளோ என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

ஆவி தீர்ந்து எஞ்சின் நின்றது. மரைக்கார் எழும்பித் தாடியில் இருந்த தூசியைத் தட்டினார். "இது லேசான வழக்கில்ல. நல்லா யோசிக்க வேண்டியது. வாற வெள்ளியும் வந்து ஒருக்காப் பாப்பம்" என்றார். மற்ற இருவரும் ஓமோம் என்று தலையை ஆட்டினார்கள்.

பரீனா திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள்.

"மரைக்கார், இந்த வீடு யாருட பேருல இரிக்கி?" என்று கேட்டாள்.

"உன்ட பேருலதான் புள்ள."

"வீட்டுக்குள்ள இரிக்கிற சாமான்?"

 வாப்பாவுடையதா, மாப்பிள்ளையுடையதா என்றுதான் எல்லோரும் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். 'புள்ளைக்கு' என்றுதான் சபையில் சொன்னது. அங்கிருந்த ஒரு ஆம்பிளைக்கும் அது நினைவு வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை.

"உன்டதான்" என்றார் மரைக்கார், கடைசியில். "நியாயம் அதுதான்."

"அப்ப நான் சொல்லுறன்" என்று அவள் றஊபின் பக்கம் திரும்பினாள். "இஞ்சருங்க. இத எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போறதெண்டாப் போங்க, நான் மறிக்கமாட்டன். வாப்பாட கையில குடுத்துப்போட்டு என்னோட இரிக்கிறதெண்டா இரிங்க. ரெண்டுல ஒண்டு. இப்பவே சொல்லணும்."

அவன் யோசித்தான்.

எஞ்சினைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, திரும்பவும் எஞ்சினைப் பார்த்தான். ஆறுகிற பித்தளை டிக் டிக் என்று சத்தம் போட்டது. மரைக்கார் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி, குடிக்காமல் வைத்தார். வெளியே ஒழுங்கையால் மீன்காரன் ஒருவன் கூவிக்கொண்டு போனான், அவன் குரல் தெருமுனை திரும்பி மறைந்தது. இன்னும் யோசித்தான். எனக்கு ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. சொல்லித் தொலையடா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தொண்டை வரை வந்தது. பரீனா அசையவில்லை.

"சரி புள்ள" என்றான் கடைசியில், பெருமூச்சு விட்டு. "மாமாவே வெச்சுக்கொள்ளட்டும். நான் இரிக்கிறன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள் மரைக்கார்மார் மூன்று பேரும். என் புருஷனுடைய முகத்தைப் பார்க்க வேண்டும், பல்லெல்லாம் தெரிந்தது. எனக்கும் காலில் இருந்த உயிர் மேலே வந்தது.

"இல்ல" என்றாள் பரீனா. "நீங்க போங்க."

"என்ன புள்ள இது? அவர்தான் இரிக்கிறன் எண்டு சொல்லிட்டாரே" என்றார் மரைக்கார்.

"அவர் சொன்ன சொல்லுல ஒரு பிழையும் இல்ல மரைக்கார். சொல்ல முந்தி இருந்த நேரத்தத்தான் நான் பார்த்துக்கொண்டு நிண்டனான்." பிறகு அவனிடம், கோபமே இல்லாமல், விருந்தாளியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "அவ்வளவு நேரம் யோசிக்க வேண்டிய சாமான விட்டுட்டு இங்க இருந்து என்ன செய்யப் போறீங்க? எடுத்துக்கொண்டு போங்க. நான் தந்ததெண்டே வெச்சுக்கொள்ளுங்க."

மரைக்கார்மார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான், "புள்ள, புள்ள" என்று அவள் கையைப் பிடித்தேன். கை பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏலாது, போகமாட்டேன் என்று ஒரு சொல் அவன் சொன்னால் போதும் என்பது அவள் நின்ற நிலையில் எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

றஊப் தலையைக் குனிந்தான். பிறகு குந்தி, எஞ்சினைத் தூக்கக் கையை நீட்டினான்.

என் புருஷன் பாய்ந்து எழும்பினார். அல்லாஹ்வே, இந்த மனுஷனுக்கும் கடைசியில் மகளின் ஞாபகம் வந்துவிட்டது, தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தோளில் கிடந்த சால்வையை உருவி மருமகனின் கையில் கொடுத்தார்.

"சூடு இன்னும் ஆறல்ல மருமகன்" என்றார், குரல் நடுங்க. "புகைபோக்கில பிடிச்சுத் தூக்கிராதீங்க. அடியில கை குடுங்க."